படத்தில் இல்லாத வலது பக்கம்

ஒரு காரை முழுசாகப் பார்க்க எவ்வளவு தூரம் பின்னால் போக வேண்டும் என்று என் தங்கை புருஷன் ஒரு நாள் நடந்து பார்த்தார். பொன்மலை ரயில்வே பணிமனையில் மத்தியானச் சங்கு ஊதிய நேரம். அதிகாரி ஒருவரின் கார் வேப்பமரத்தடியில் நின்றுகொண்டிருந்தது. மாப்பிள்ளை அதன் பக்கத்தில் போய் நின்றார். “கைப்பிடி தெரியுது மச்சான்” என்றார். கொஞ்சம் பின்னால் வந்தார். “கதவு தெரியுது.” இன்னும் பின்னால். “கதவும் ஒரு சக்கரமும்.” அப்படியே பின்னுக்கு நடந்து நடந்து, கடைசியில் முதுகு பணிமனைச் சுவரில் முட்டியது. அப்போதும் காரின் டிக்கி அவருக்குக் கிடைக்கவில்லை.

“இதுக்கு மேல ரயில்வே இடம் கொடுக்கலை மச்சான்” என்று சிரித்தார்.

நானும் சிரித்தேன். சிரிப்பது என் சுபாவம். எங்கள் பெரியப்பா செத்த வீட்டில் நான் சொன்ன ஏதோ ஒன்றுக்குச் சங்கு ஊதுகிறவன் சிரித்து, மூச்சு வேறு வழியில் போய், சங்கு தவளை மாதிரிக் கத்தியது. அதற்குப் பிறகு எங்கள் சொந்தத்தில் எனக்குத் துக்கம் சொல்லி அனுப்புவதை யோசித்துத்தான் செய்வார்கள்.

வீட்டில் அவரை மாப்பிள்ளை என்றே சொல்லிப் பழக்கம். இங்கேயும் அப்படியே எழுதுகிறேன். வயது எங்கள் இருவருக்கும் ஒன்றுதான். அவரும் தங்கையும் பொன்மலைக் குவார்ட்டர்ஸில் இருந்தார்கள். நான் ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதிக்குப் பின்னால் ஒரு சந்தில். வேலை இருவருக்கும் ஒரே பணிமனையில். எஞ்சினுக்கு வேண்டிய இரும்புச் சாமானை வார்ப்பதற்கு முன்னால், அதே உருவத்தை மரத்தில் செய்வார்கள். அதை மணலில் பதித்து, எடுத்துவிட்டு, அந்தப் பள்ளத்தில் உருக்கிய இரும்பை ஊற்றுவார்கள். அந்த மர உருவைச் செய்கிற பேட்டர்ன் ஷாப்பில் மாப்பிள்ளை இருந்தார். நான் டிராயிங் ஆபீசில் டிரேசர். அதாவது, அடுத்தவன் போட்ட கோட்டின் மேல் துணியை விரித்து, அதே கோட்டை மசியால் இன்னொரு தடவை போடுகிறவன். சொந்தக்காரர்கள் என்னை இஞ்சினியர் என்று வெளியில் சொல்லிக்கொண்டார்கள். நான் அவர்கள் மனதைப் புண்படுத்தவில்லை.

அறுபதுகளின் தொடக்கத்தில்தான் அவருக்குக் கண் கெட ஆரம்பித்தது. உளி பக்கத்திலேயே இருக்கும், ஷாப் முழுக்கத் தேடுவார். வாசற்படியில் தடுக்குவார், ஆனால் படியில் கிடக்கிற ஊசியை எடுத்துக் கொடுப்பார். திருச்சியில் கண் டாக்டர் பார்த்துவிட்டு, கண்ணுக்குள் அழுத்தம் என்றார். சொட்டு மருந்து கொடுத்தார். நடுவில் தெரிகிற வட்டம் மட்டும் நன்றாகத் தெரியும். அந்த வட்டம் சுருங்கிக்கொண்டே வரும். ஒரு நாள் மூடிவிடும். எப்போது என்று சொல்ல முடியாது. டாக்டர் இதை ரயில் வருகிற நேரம் சொல்வது போலச் சொன்னார். மாப்பிள்ளையும் அப்படியே கேட்டுக்கொண்டார். தங்கைதான், “லேட்டா வர வாய்ப்பிருக்குங்களா?” என்று கேட்டாள். எங்கள் குடும்பத்தில் அப்படி யாராவது பேசினால் அது நானாகத்தான் இருக்கும். அவள் விளையாட்டுக்குக் கேட்கவில்லை.

அது எப்படி இருக்கும் என்று தெரிந்துகொள்ள நான் டிராயிங் ஆபீசில் இரண்டு புளூபிரின்ட்டுகளைக் குழலாகச் சுருட்டி, கண்ணுக்கு ஒன்றாக வைத்துக்கொண்டு நடந்தேன். ஹெட் டிராப்ட்ஸ்மேன் வந்ததும் தெரியவில்லை, அவர் என் எதிரில் நின்றதும் தெரியவில்லை. சட்டைப் பொத்தான் ஒன்று மட்டும் ரொம்பத் தெளிவாகத் தெரிந்தது. “என்னய்யா பண்றே?” என்று அந்தப் பொத்தான் கேட்டது. குழலை எடுக்காமலே, “மேல பாத்தா தலை வருமாங்க?” என்றேன். பதில் மெமோவாக வந்தது.

பேட்டர்ன் ஷாப்பில் ரம்பமும் கடைசல் இயந்திரமும் ஓடும். ரயில்வே டாக்டர் அவரை அந்த வேலைக்குத் தகுதியில்லாதவர் என்று எழுதிவிட, வேலையை விட்டு நீக்காமல் கேட்டில் டோக்கன் கொடுக்கிற இடத்தில் உட்காரவைத்தார்கள். காலையில் ஒவ்வொரு ஆளுக்கும் நம்பர் போட்ட பித்தளை டோக்கனை எடுத்துக் கொடுக்க வேண்டும். பலகையில் வரிசையாக ஆணி, ஆணிக்கு ஒரு டோக்கன். மர வேலை செய்த கைக்கு அது ஒரு வேலையே இல்லை.

அந்த நாட்களில்தான் அவர் அதிகாரியின் காரை அளந்து சுவரில் முட்டியது. முட்டிய கையோடு என்னிடம் இன்னொரு காரைப் பற்றிச் சொன்னார்.

கல்யாணத்துக்கு முன்னால், ஐம்பதுகளில், ரயில்வே பாஸில் மெட்ராஸ் போனபோது, ஊருக்கு வெளியே பழைய விமான ஓடுதளத்தில் கார்ப் பந்தயம் பார்த்திருக்கிறார். புதுக் கார்கள் எல்லாம் விர்ரென்று போய்க்கொண்டிருந்தன. அவை ஒன்றும் அவர் மனதில் நிற்கவில்லை. யுத்தத்துக்கு முந்தின வெள்ளைக்காரன் காலத்துப் பந்தயக் கார் ஒன்று ஓரமாக நின்றதாம். ஒரே ஆள்தான் உட்காரலாம். எஞ்சின் மூடி மட்டும் பாதிக் கார் நீளம். அதைத் தோல் வார் போட்டு இடுப்பு பெல்ட் மாதிரி கட்டியிருந்தார்கள். பின்புறம் மீன் வால் போலக் கூராக முடியும். கம்பிச் சக்கரம். கை பிரேக் வண்டிக்கு வெளியே. சுற்றிலும் கயிறு கட்டி, கிட்டே போகிறவனை விரட்ட ஒரு ஆளையும் நிறுத்தியிருந்தார்களாம். மாப்பிள்ளை பந்தயத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கயிற்றைச் சுற்றிச் சுற்றி வந்து பொழுது சாய்கிற வரை அதையே பார்த்திருக்கிறார்.

“அந்த ஆளு கேட்டான் மச்சான், ‘எதுக்குய்யா இதையே பாக்குறே, இது ஓடாது’ன்னு. ‘ஓடாததுதான் நல்லா பாக்க முடியுது’ன்னேன்.”

அந்த மாதிரிக் காரின் படம் ஒன்று பின்னால் தெப்பக்குளத்தருகே பழைய புத்தகக் கடையில் அவருக்குக் கிடைத்திருந்தது. இங்கிலீஷ் பத்திரிகையின் கிழிந்த பக்கம், கறுப்பு வெள்ளை, அளவுகள் கீழே போட்டிருந்தது. காரின் இடது பக்கம் மட்டும்தான் படத்தில் இருந்தது.

“பெரிய காரு இனிமே என் கண்ணுல அடங்காது” என்றார். “ரெண்டடிக்குள்ள ஒண்ணு செஞ்சா, கூடத்துல இந்தக் கோடியில வச்சிட்டு அந்தக் கோடியில உக்காந்தா முழுசா அடங்கும். ஒரு தடவை முழுசா பாத்துட்டேன்னா போதும். இடது பக்கம் படத்துல இருக்கு. வலது பக்கம் என் தலையில மட்டும்தான் இருக்கு. சரியா இருக்கான்னு நான்தான் பாத்துச் சொல்லணும்.”

கண் மூடுவதற்குள் கார் முடிய வேண்டும். அவ்வளவுதான் விஷயம்.

வேலையைப் பிரித்துக்கொண்டோம். காரின் உடம்பு, அதாவது ஆள் உட்காரும் குழியும் வாலும், தேக்கில் அவர் செதுக்குவது. அடிச்சட்டம், எஞ்சின் மூடி, சக்கரம் எல்லாம் நான். ஆணி அடிக்கச் சொன்னால் விரலை அடிக்கிற எனக்கு எப்படி இவ்வளவு பெரிய பங்கு வந்தது என்று கேட்கலாம். அவருக்கு வேறு மச்சான் இல்லை.

அவர் குவார்ட்டர்ஸ் பின்கட்டில் உட்கார்ந்து, தேக்குக் கட்டையை முகத்துக்கு நேராகப் பிடித்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி ஆட்டிச் செதுக்குவார். வட்டத்துக்குள் வருகிற இடத்தை மட்டும் செதுக்கிவிட்டு, கட்டையை நகர்த்தி அடுத்த இடம். கோழி தானியம் பார்ப்பது போல இருக்கும். நான் அதைச் சொல்லவும் செய்தேன். “கோழிக்கு ரெண்டு பக்கமும் தெரியும் மச்சான், என்னைய விட மேலு” என்றார்.

நான் ஸ்ரீரங்கத்தில் ராவினேன், வளைத்தேன், கையைக் கிழித்துக்கொண்டேன். சக்கரத்தின் கம்பிகளுக்கு வீணைத் தந்தி வாங்கினேன். கடைக்காரர், “யாருக்கு, பொண்ணுக்கா?” என்றார். “சக்கரத்துக்கு” என்றேன். அதற்குப் பிறகு அவர் என்னோடு பேசவில்லை. புகைக் குழாய்க்கு ஸ்டவ்வின் பித்தளைக் குழாய். தோல் வாருக்கு என் செருப்பு வார். மற்றச் செருப்பு ஒற்றையாக வீட்டில் கிடந்து, வருகிறவர்கள் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு என் காலைப் பார்த்தார்கள். முகப்புச் சல்லடைக்குத் தங்கையின் டீ வடிகட்டி.

“அண்ணே, வடிகட்டியைப் பாத்தீங்களா?” என்று அவள் கேட்டாள்.

“ரேடியேட்டர் ஆயிடுச்சும்மா.”

“அப்ப டீத்தூளோடயே குடிங்க” என்று அப்படியே கொடுத்தாள். இருவரும் துப்பித் துப்பிக் குடித்தோம்.

வலது பக்கத்துக்கு நான் ஞாயிறுதோறும் பொன்மலை போய் அவர் சொல்லச் சொல்லப் படம் போட்டேன். என் வாழ்நாளில் அடுத்தவன் கோட்டின் மேல் போடாமல் நானே போட்ட கோடுகள் அவைதான். “கை பிரேக் இன்னும் கொஞ்சம் சாஞ்சு இருக்கும். அதுக்குக் கீழ ஒரு கம்பி முன்னாடி போகும், ஸ்டியரிங் கம்பி. அது நேரா போகாது, கொஞ்சம் வளைஞ்சு, முழங்கை மாதிரி. அதான், அதான். இல்லை, அது முழங்கால்.” படத்தைக் கைநீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்ப்பார். ஒவ்வொரு மாதமும் இன்னும் கொஞ்சம் தள்ளிப் பிடித்தார். பிறகு கை பற்றாமல் என்னைப் பிடிக்கச் சொல்லிப் பின்னால் நகர்ந்தார்.

என் பங்கு ஒரு வழியாக முடிந்தது. சட்டம், அச்சு, சக்கரம், தகர மூடி எல்லாவற்றையும் ஒரு நீளப் பலகையில் கட்டி, தூசி படாமல் வெள்ளை வேட்டி போட்டு மூடி, சைக்கிள் கேரியரில் வைத்துக்கொண்டு காவேரிப் பாலத்தில் போனேன். பங்குனி வெயில். எதிர்க்காற்று. மேட்டில் இறங்கித் தள்ளிக்கொண்டு நடந்தேன். எதிரில் வந்த ஒரு பெரியவர் கேரியரில் இருந்ததைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தோளில் இருந்த துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டார். பாலத்தைத் தாண்டினால் ஓயாமாரிச் சுடுகாடு; சின்னக் குழந்தைகளை அப்படித்தான் வெள்ளைத் துணி சுற்றி எடுத்துப் போவார்கள்.

“ஆணா, பொண்ணாப்பா?” என்றார் மெதுவாக.

நான் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் என் தோளைத் தட்டி, “அடுத்தது நல்லபடியா நிக்கும். தனியா வந்தியா? வா, நானும் வரேன்” என்று என்னோடு திரும்பி நடக்க ஆரம்பித்தார். வேட்டியை விலக்கிக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். அந்த மனுஷனுக்கு வீணைத் தந்திச் சக்கரத்தைக் காட்ட எனக்குத் துணிவில்லை. பாலம் முடிந்ததும், “சொந்தக்காரங்க முன்னாடி போயிருக்காங்க ஐயா, நீங்க போங்க” என்று சொல்லித் தப்பித்தேன். அவர் நின்று கும்பிட்டார். என்னைக் கும்பிட்டாரா, பலகையைக் கும்பிட்டாரா தெரியாது.

பொன்மலையில் இதைச் சொன்னபோது மாப்பிள்ளை கண்ணீர் வரச் சிரித்தார். பிறகு, “கொண்டாங்க, பொணத்தை எறக்குங்க” என்றார்.

சட்டத்தின் மேல் அவர் செதுக்கிய உடம்பை உட்காரவைத்தோம். உட்காரவில்லை. பின்புற ஆணிக்கு இரண்டு துளைகளும் சேரவில்லை. முன்னால் நகர்த்தினால் வால் சேர்ந்தது, எஞ்சின் மூடி எழும்பிக்கொண்டது. மூடியை அழுத்தினால் வால் நீட்டிக்கொண்டது. கிட்டத்தட்டக் கால் அங்குலம். நான் உடனே குற்றத்தை ஏற்றுக்கொண்டேன். அதில் எனக்குப் பயிற்சி உண்டு.

“இருங்க, இருங்க” என்று அவர் அளந்தார். தன் பெட்டியிலிருந்து ஸ்கேலை எடுத்து என் சட்டத்தை அளந்தார், குறைந்தது. நான் என் ஸ்கேலை எடுத்து அளந்தேன், சரியாக இருந்தது. அவர் என் ஸ்கேலை வாங்கி, தன் ஸ்கேலின் மேல் வைத்து, நுனியோடு நுனி சேர்த்து, மறுநுனியை விரலால் தடவினார். இரண்டும் ஓரடி. அவருடைய அடி என்னுடைய அடியை விட நீளமாக இருந்தது.

தங்கை எட்டிப் பார்த்தாள். “ஸ்கேல்கூடவா கெட்டுப் போகும்?” என்றாள்.

கெடவில்லை. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். அதனால் பேட்டர்ன் ஷாப்பில் மர உருவைக் கொஞ்சம் பெரிதாகச் செய்வார்கள். ஒவ்வொரு தடவையும் கணக்குப் போட வேண்டாம் என்று, சுருங்கப்போகிற அளவைச் சேர்த்தே கோடு போட்ட தனி ஸ்கேல் அவர்களிடம் உண்டு. பார்வைக்குச் சாதாரண ஸ்கேல் மாதிரியே இருக்கும். வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அவர் வேறு ஸ்கேலைத் தொட்டதில்லை. அவர் கைக்கு ஒரு அங்குலம் என்றால் அந்த அங்குலம்தான்.

“இரும்பே ஊத்தாத காருக்கு, இரும்பு சுருங்குறதுக்கு இடம் விட்டிருக்கேன் மச்சான்” என்றார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

மரத்தைக் கால் அங்குலம் இழைத்தால் தீர்ந்துவிடும் என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அந்த உடம்பை மடியில் வைத்துக்கொண்டு வாலின் வளைவை உள்ளங்கையால் தடவிக்கொண்டிருந்தார். அவர் இனிமேல் அப்படி ஒன்று செதுக்கப்போவதில்லை. அதில் நான் இழைப்புளி போடுவதா? நான் இழைத்தால் கால் அங்குலத்தில் நிற்கவும் நிற்காது, கார் தீக்குச்சியாகிவிடும்.

“உங்க ஸ்கேலைக் குடுங்க மாப்பிள்ளை” என்றேன். “என் பங்கைத் திரும்பச் செஞ்சுடறேன்.”

“எல்லாத்தையுமா?”

“எல்லாத்தையும். நான் செஞ்சதுல கண்ணீர் விட்டுப் பிரியற மாதிரி எதுவும் இல்லை.”

“நாள் ஆகுமே” என்றார். அதை மட்டும் சிரிக்காமல் சொன்னார்.

நாள் ஆகத்தான் செய்தது. வெயில் காலம் முழுக்கப் போனது. மேட்டூர் திறந்து ஆற்றில் தண்ணீர் வந்தது. ஆடிப்பெருக்கன்று அவரும் தங்கையும் ஸ்ரீரங்கம் வந்தார்கள். அம்மா மண்டபப் படித்துறையில் கூட்டம். தங்கை அவர் கையைப் பிடித்துக்கொண்டே படியிறங்கினாள். புதுசாகக் கல்யாணமானவர்கள் மாதிரி இருக்கிறீர்கள் என்று நான் கேலி செய்தேன். மாப்பிள்ளை ஆற்றைப் பார்த்து நின்று, “தண்ணி நல்லா கலங்கலா, பாலத்தை முட்டுற மாதிரி வருது மச்சான்” என்றார். வந்துகொண்டுதான் இருந்தது.

டோக்கன் கொடுக்கிற இடத்திலும் அப்போது ஒரு புதுப் பழக்கம் வந்திருந்தது. ஆட்கள் வரும்போதே தங்கள் நம்பரைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டு வருவார்கள். சிலர் பாட்டாகவே பாடுவார்கள். கேட்டில் ஏதோ புது உத்தரவு போலிருக்கிறது என்று நினைத்து, டிராயிங் ஆபீஸ்காரனான நானும் சுருதி சேர்த்து என் நம்பரைப் பாடினேன். எல்லாரும் சிரித்தார்கள். நன்றாகப் பாடியதாக நினைத்துக்கொண்டேன்.

ஐப்பசி மழையில் கார் ஒன்றுசேர்ந்தது. எல்லாம் உட்கார்ந்தது. மூடி மூடியது. தோல் வார் இறுகியது. பெயிண்ட் பாக்கி. அவர் பார்த்த கார் பச்சை. தெப்பக்குளத்துப் பாசி மாதிரிப் பச்சை என்பார். பெரிய கடைவீதியில் பச்சை டின் வாங்கிவிட்டேன் என்று சொல்லி அனுப்பினேன். ஆனால் தகரத்தில் நேராகப் பச்சை ஒட்டாது. முதலில் சிவப்பு பிரைமர் அடிக்க வேண்டும். அடித்தேன். மழை விடவில்லை, பிரைமர் காயவில்லை. கார் கோயில் சுவர் மாதிரி செங்காவியில் நின்றது.

அப்போது தங்கை தனியாக வந்தாள். நனைந்த குடையை மடக்காமலே வாசலில் நின்று, “அண்ணே, அது எப்படி இருந்தாலும் பரவாயில்லை. இந்த ஞாயித்துக்கிழமை கொண்டாந்துடுங்க” என்றாள்.

“பச்சை அடிக்கலையேம்மா.”

“அது அப்புறம் அடிச்சுக்கலாம். முதல்ல கொண்டாங்க.”

ஞாயிற்றுக்கிழமை அந்தச் செங்காவிக் காரைக் கொண்டுபோனேன். கூடத்தின் ஒரு கோடியில் ஸ்டூல் போட்டு, ஜன்னல் வெளிச்சம் படுகிற மாதிரி, வலது பக்கம் அவருக்குத் தெரிகிற மாதிரி வைத்தேன். அவர் மறுகோடியில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். சவரம் செய்து, சலவைச் சட்டை போட்டு, பெண் பார்க்க வந்தவர் போல. நான் விலகி நின்றேன்.

அவர் பார்த்தார். வழக்கமாக எதைப் பார்க்கவும் தலையை ஆட்டி ஆட்டித் தேடிப் பிடிக்கிற மனிதர். அன்று தலையை அசைக்கவே இல்லை. நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். நல்லதுதான், முழுசாக அடங்கிவிட்டது என்று நான் நினைத்தேன்.

“வலது பக்கம் சரியா இருக்கு மச்சான்” என்றார். “கை பிரேக் அதே சாய்வு. அந்த வளைஞ்ச கம்பி, அப்படியே. நல்லா செஞ்சிருக்கீங்க.”

நான் ஸ்டூலை ஜன்னல் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினேன். சொன்னது பற்றவில்லை என்று நினைத்தார் போலிருக்கிறது, இன்னொன்றும் சொன்னார்.

“பச்சைதான் ரொம்ப அருமையா வந்திருக்கு.”

வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. தங்கை சமையற்கட்டு வாசலில் நின்றிருந்தாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. ஸ்டூலின் மேல் இருந்த சிவப்புக் காரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஆமா மாப்பிள்ளை” என்றேன்.

வாரை இன்னும் கொஞ்சம் இறுக்க வேண்டும் என்று ஏதோ உளறி, காரை வேட்டியில் சுற்றி எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். பாலத்தில் மழையோடு தள்ளிக்கொண்டு நடந்தபோது அந்தப் பெரியவர் எதிரில் வந்தால் நன்றாக இருக்கும் என்று தோன்றியது. வந்திருந்தால் கூடவே நடக்கவிட்டிருப்பேன்.

மறுநாள் காலையில் கேட்டில் ஆட்கள் நம்பர் பாடுவது காதில் விழுந்தது. பாட்டு எதற்கு என்று அப்போதுதான் புரிந்தது. ஷாப் முழுக்கத் தெரிந்திருக்கிறது. தெரியாமல் சுருதி சேர்த்துப் பாடியவன் நான் ஒருவன்தான்.

அந்த வாரம் மழை விட்ட ஒரு பகலில் பச்சை அடித்தேன். கடைப் பச்சை கிளிப் பச்சையாக இருந்தது. கறுப்பு கலந்து கலந்து பாசியாக்கினேன். அவர் சொன்னது பொய்யாக நிற்கக் கூடாது என்று மட்டும்தான் அப்போது எனக்கு ஓடிக்கொண்டிருந்தது. அடுத்த ஞாயிறு கொண்டுபோய் அதே ஸ்டூலில் வைத்தேன்.

மாப்பிள்ளை மூச்சை இழுத்து மோந்து பார்த்தார். “பெயிண்ட் வாசனை அடிக்குதே.”

“ரெண்டாவது கோட்டு மாப்பிள்ளை. ஒரு கோட்டோட விட்டா வெளுத்துடும்.”

“ஓ” என்றார். பிறகு, “மொத கோட்டு என்ன கலரு மச்சான்?” என்றார்.

எத்தனையோ பொய்யைச் சிரிக்காமல் சொன்னவன் நான்.

“செவப்பு” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “அதான் ஒரு வாரமா உங்க தங்கச்சி டம்ளரை வைக்கும்போது ‘டொக்’குன்னு வைக்குது. கோவம்னு நெனச்சேன். எடம் காட்டத்தான் போல.”

“எப்பலேர்ந்து மாப்பிள்ளை?”

“ஆடிக்கு முன்னாடியே.”

“ஆத்துல தண்ணி கலங்கலா வருதுன்னு சொன்னீங்களே.”

“ஆடியில தெளிஞ்சா வரும்? சத்தம் கேட்டுச்சு, சொன்னேன்.”

நான் அவர் ஸ்கேலை வைத்துக்கொண்டு இரண்டாம் தடவை ராவியதும் வளைத்ததும் முக்கால்வாசி அதற்குப் பிறகுதான். “அப்பவே சொல்லியிருக்கலாமே” என்றேன். கோபமாக வந்ததா, வேறு மாதிரி வந்ததா தெரியவில்லை.

“சொன்னா நிறுத்தியிருப்பீங்க. பாவம், வாழ்க்கையில ஒரே ஒரு காரியத்தை முடிக்கப்போற ஆளு, கெடுப்பானேன்?”

சிரித்தோம். தங்கை உள்ளே பாத்திரத்தை உருட்டினாள். சிரிப்பு அடங்கியதும் நான் காரைத் தூக்கி அவர் மடியில் வைத்து, “கையாலயே பாத்துச் சொல்லுங்க மாப்பிள்ளை. உங்க விரலுக்குத் தெரியாததா?” என்றேன்.

அவர் வாலிலிருந்து ஆரம்பித்தார். தன் தேக்கைத் தாண்டி, என் தகரத்துக்கு வந்தார். மூடியும் உடம்பும் சேருகிற இடத்தில் நகத்தை வைத்துப் பார்த்தார், நகம் இறங்கவில்லை. தந்திச் சக்கரத்தைச் சுண்டினார். பிறகு வலது பக்கம். கை பிரேக். அதற்குக் கீழே வளைந்த கம்பி. முன்னும் பின்னும் விரல் போய்ப் போய் வந்தது. நான் காத்திருந்தேன்.

“வேலை நல்லா இருக்கு மச்சான்” என்றார். “அந்தக் காரு இதுதானான்னு தெரியலை.”

“எங்க தப்பு?”

“தப்புன்னு சொல்லலை. நான் அதைத் தொட்டதில்லையே. கயிறு கட்டி வச்சிருந்தானே. பாத்ததுதான்.” மறுபடி ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டு விரலை எடுத்துக்கொண்டார். “இனிமே சரியா, இல்லையான்னு எனக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது.”

மாப்பிள்ளை அதற்குப் பிறகும் பல வருஷம் டோக்கன் கொடுத்தார். ஷாப்பும் பாடிக்கொண்டே இருந்தது. மேலதிகாரிகளுக்கு யாரும் எழுதிப் போடவில்லை. காரைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை, நானும் கேட்கவில்லை. என் ஸ்கேல் எப்படியோ அவர் பெட்டியிலும் அவருடையது என் மேஜையிலும் தங்கிவிட்டது. நான் ஆபீசில் தெரியாமல் அதை வைத்து ஒரு கோடு போட்டு இன்னொரு மெமோ வாங்கினேன்.

காரைத் தங்கை கூடத்து அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள். படத்தில் இருக்கிற இடது பக்கம் வெளியே தெரிகிற மாதிரி, வலது பக்கம் சுவரைப் பார்க்கிற மாதிரி. தூசி தட்ட எடுத்தாலும் திரும்ப அப்படியேதான் வைப்பாள்.